குசினிக்காரனின் இரண்டு பதக்கங்கள்

தம்பி, நான் சலூட் அடித்தது ஏசி திருத்த வந்த ஆளுக்கு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை எழுதுவது எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கும். முகாமுக்குள் பழைய படையினரின் பதிவுகளைப் பார்க்கிற ஒரு கந்தோர் இருக்கிறது. அதன் விறாந்தையில் என்னை ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீளக் காற்சட்டை போட்டிருந்தேன். இடுப்பு வற்றிப் போனதால் உடுப்புக் காயப்போடும் கொடியில் ஒரு துண்டை வெட்டி, வெளியே தெரியாமல் கட்டியிருந்தேன். கதவு திறந்தது. உயரமான ஆள், நறுக்கின மீசை, நிமிர்ந்த நடை. நான் யோசிக்கும் முன்பே என் முதுகு யோசித்துவிட்டது. குதிக்கால் இரண்டும் சேர்ந்தன, வலக்கை நெற்றிக்குப் போனது. அந்தக் கையில்தான் பைல் இருந்தது என்பது தாள்கள் விறாந்தை முழுக்கப் பறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“ஐயா, நான் ஏசி திருத்த வந்தனான்,” என்றார் அவர், நல்ல யாழ்ப்பாணத் தமிழில். “சுன்னாகம்.” பாவம், நல்ல மனிதர். குந்தியிருந்து என்னோடு சேர்ந்து தாள்களைப் பொறுக்கித் தந்தார். பொறுக்குகிற ஆள் வாசிக்காமல் பொறுக்குவாரா? “ஐயா நீங்கள் ஆமியோ?” என்று மெல்லக் கேட்டார். “இல்லைத் தம்பி, குசினி,” என்றேன். “ஆமிக் குசினியும் ஆமிதானே ஐயா,” என்றார். அடுத்த நாள் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் லொறியில் ஏறுவதற்கு முன் என் கதை ஏறிவிட்டது. அது எங்கள் புத்தூரில் இறங்கி, அங்கிருந்து யாரோ ஒருவருடைய போனில் ஏறிக் கனடாவுக்கு வந்து உன்னிடம் சேர இரண்டு நாள்தான் எடுத்திருக்கிறது. நான் உனக்கு அனுப்புகிற கருவாட்டுப் பார்சல் ஒரு மாதம் எடுக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தாய். வழக்கம்போல வீடியோவில் உன் முகத்தில் பாதியும் உன் வலக்காதும்தான் எனக்குத் தெரிந்தன. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அப்பா, ஆமிக் காம்புக்குப் போனனீங்களாம்.”

“ஓம் மோனை. ஒரு பேப்பர் அலுவல்.”

“நீங்கள் ஆமியிலை இருந்தனீங்களாம், பதக்கம் கேக்கிறியளாம் எண்டு சனம் கதைக்குது.”

“இருந்தனான்தான். சமையல். கலியாணத்துக்கு முன்னாலை துடங்கி நீ பிறந்த அடுத்த வருசம் வரைக்கும்.”

உன் காது திரையிலிருந்து விலகிப் போய்த் திரும்பி வந்தது. பிறகு, “அம்மாவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாய்.

“என்ரை சட்டையிலை இருந்த பித்தளைப் பொத்தானெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சதே அவதான்.”

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. சரி, இந்த வயசிலை உங்களுக்கு அந்தப் பதக்கம் என்னத்துக்கு அப்பா?”

நான் ஒரு பகிடி விட்டேன். உனக்குத் தெரியும், எனக்குக் கஷ்டமான கேள்வி வந்தால் பகிடிதான் முதலில் வாயில் வரும். “செத்தவீட்டிலை நெஞ்சிலை குத்திவிடத்தான். வெறும் நெஞ்சோடை போனால் அங்கை ஆரெண்டு கேட்பினம்,” என்றேன். நீ சிரிக்கவில்லை. “வைக்கிறன்,” என்றாய். ஐந்து ஞாயிறு போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் போனைச் சார்ஜில் போட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். போன கிழமை ஒருமுறை அடித்தது, ஓடிப்போய் எடுத்தேன். போன் கொம்பனிக்காரர் எனக்குச் சிங்களத்தில் ஏதோ சலுகை சொன்னார்கள். ஆளோடு கதைத்து நாளாகிவிட்டதால் முழுவதையும் கேட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பகிடி இல்லாமல் மறுமொழி எழுதத்தான் இந்தக் கடிதம். இதில் ஒரு பிரதியை எங்கள் வாசிகசாலை இந்த வருடம் அடிக்கிற மலருக்கும் கொடுக்கப் போகிறேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்த ஒரு விடயத்தை உனக்கு மட்டும் இரகசியமாக எழுதினால், நான் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். எழுத்துப் பிழைகளை வாசிகசாலைப் பொடியள் திருத்துவார்கள். மற்றப் பிழைகளை அவர்களால் திருத்த முடியாது.

நான் எஸ்எஸ்சியில் கணக்கில் கோட்டை விட்டவன். அது உனக்குத் தெரியும், உன் கணக்குக் கொப்பியில் நான் கையெழுத்து வைக்கும்போதெல்லாம் நீ சிரிப்பாய். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு சிநேகிதன் படையில் சேருவதற்கு நேர்முகத்துக்குப் போனான். எனக்கு ரயிலில் கொழும்பு பார்க்க ஆசை, கூடப் போனேன். அவனுக்குக் கண் பார்வை போதாது என்று திருப்பிவிட்டார்கள். சும்மா நின்ற என்னைக் கூப்பிட்டு, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு என்ன தெரியும்? “வெங்காயம்,” என்றேன். அந்த ஒரு சொல் என்னைப் பதின்மூன்று வருடம் குசினியில் வைத்திருந்தது. நான் துவக்குப் பிடித்த நாட்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கலாம். என் போரெல்லாம் பருப்போடும் ஈர விறகோடும்தான். கடைசியில் கோப்ரல் ஆனேன். நூற்றியிருபது பேருக்குச் சோறு குழையாமல் வடிக்கிறவனுக்கு அந்தப் பட்டம் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு பதக்கம் கிடைத்தது. ஒன்று நாடு குடியரசான நாளில் சேவையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. அன்றைக்கு நான் உயிரோடு இருந்தேன், அதற்காக. மற்றது பன்னிரண்டு வருடம் நன்னடத்தையோடு இருந்ததற்கு. அதாவது, பன்னிரண்டு வருடம் பிடிபடாமல் இருந்ததற்கு. குணபால என்று குருநாகல் பக்கத்து ஆள் ஒருவன் என்னோடு அதே குசினியில் இருந்தான். என் சம்பலைத் தின்று கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பான். முதலாவது பதக்கம் பிந்தி வந்ததால், அவனுக்கும் எனக்கும் இரண்டையும் ஒரே நாளில் ஒரே வரிசையில் குத்தினார்கள். இருவரும் அணிவகுப்பு முடிந்த கையோடு ஒரு ஸ்ரூடியோவுக்குப் போய், நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு ஒரு படம் எடுத்தோம். அந்தப் படத்தில் எனக்கு மீசை இருக்கிறது. அம்மா என்னைச் சம்மதித்தது அந்த மீசைக்காகத்தான் என்று பிறகு சொன்னாள். லீவில் வந்து படத்தைக் காட்டியபோதும் மீசையைத்தான் பார்த்தாளாம், பதக்கத்தைக் கவனிக்கவேயில்லையாம்.

விலகி வந்து காங்கேசன்துறையில் ஒரு தொழிற்சாலைக் கன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தேன். நீ அறிந்த அப்பா அந்தக் கன்டீன் அப்பாதான். அதற்கு முன் கொழும்பிலும் ஒரு கன்டீன் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். பொய்யென்று சொன்னால் பொய், குசினியென்று சொன்னால் குசினி. பிறகு காலம் கெட்டது. ஒரு காலத்தில் ஆமியில் இருந்தவன் என்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஆபத்தான பெயராகிப் போனது. அம்மா பொத்தான்களை வெட்டினாள், சட்டையை அடுப்பில் வைத்தாள், அந்தப் படத்தையும் வைத்தாள். மீசைக்காகக்கூட அதை விட்டுவைக்கவில்லை. பதக்கம் இரண்டையும் அவள் கொடுக்கச் சொன்னபோது நான் கொடுக்கவில்லை. ஒரு பால்மா ரின்னில் போட்டு, மெழுகு வைத்து அடைத்து, கிணற்றடித் தேசிமரத்துக்குக் கீழே ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு கிண்டித் தாட்டேன். உனக்கு அப்போது ஏழு வயது. பின்னால் வந்து நின்றாய்.

“என்னப்பா தாட்டு மூடுறியள்?”

“எலியடா. செத்துப்போச்சு.”

நீ ஓடிப்போய் ஒரு செம்பரத்தம்பூ பிடுங்கி வந்து அந்த மண்ணின்மேல் வைத்தாய். மூன்று நாள் புதுப் பூ வைத்தாய். அந்த எலிக்குப் பெயர்கூட வைத்திருந்தாய், எனக்கு மறந்துபோயிற்று. உனக்கு ஞாபகம் இருந்தால் சொல்லு. பிள்ளைக்கு ஒரு பொய் சொன்னால் அது அதோடு நிற்காது தம்பி. பிள்ளை அதற்குப் பூ வைக்கும், பெயர் வைக்கும். உன் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாத விடயம் ஏதும் இருந்தால், சொல்ல முடியாது என்று சொல்லு. செத்த எலி என்று சொல்லாதே.

உனக்குப் பன்னிரண்டு வயதில், சண்டை நெருங்கி வர, நாங்கள் அந்த வளவை விட்டு எழும்பினோம். இரண்டு சைக்கிள், ஒரு சாக்கு அரிசி. ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று கத்தரிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டோம். புத்தூரில் மாமா தந்த துண்டு நிலத்தில் கொட்டில் போட்டோம். எங்கள் வளவு இருந்த பக்கம் முழுக்கப் பிறகு முகாமுக்குள் போய்விட்டது. என்னுடைய பதக்கத்துக்கு ஆமி காவல் இருந்தது என்று எனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வேன். வேறு ஆரோடு சொல்லிச் சிரிப்பது? அம்மாவிடம் சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள்.

நிலத்தைத் திருப்பித் தந்தபோது நான் தனியேதான் போய்ப் பார்த்தேன். அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள். வீடு இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றை மூடியிருந்தார்கள், தேசிமரம் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பெரிய சீமெந்துத் தளம், கரி பிடித்த சுவர், வரிசையாக நாலு அடுப்பு. என்னுடைய வளவில் ஆமி குசினி கட்டியிருந்தது. நான் அங்கே நின்று அழுதிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற பக்கமாக அடுப்பு வாயை வைத்திருந்தார்கள். வருடத்தில் பாதி நாள் புகை முழுக்கச் சமைக்கிறவன் கண்ணில்தான் அடித்திருக்கும். யார் பெற்ற பிள்ளையோ, அந்தப் புகைக்குள் நின்று பருப்பு கிண்டியிருக்கிறான். காலடியில் ஒரு முழத்துக்குக் கீழே இன்னொரு குசினிக்காரனின் பதக்கம் கிடந்தது அவனுக்குத் தெரியாது. அந்தத் தளத்தை உடைக்க ஆள் பிடிக்கலாம் என்று ஊரில் சொன்னார்கள். என்னத்துக்கு உடைக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? எலி என்றா?

அதனால் பதக்கங்களுக்குப் பிரதி தரச் சொல்லி எழுதினேன். நீ பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு காலைநேரத்தில் போன் எடுத்து, ஒரு விண்ணப்பத்தில் ‘உறவுமுறை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று உன்னிடம் கேட்டேனே, அது இதற்குத்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு மறுமொழி வந்தது. என் பெயர், இலக்கம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் சரியாக இருந்தன. பதக்கங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு. எதுவும் வழங்கப்பட்டதாகப் பதிவு இல்லை. நான் கடைசி வருடங்களில் வேறொரு படைப்பிரிவின் குசினிக்கு இரவலாகப் போயிருந்தேன். பதக்கம் குத்தினது அங்கே, என் சேவைப் புத்தகம் இருந்தது என் பழைய பிரிவில். இடையில் யாரோ ஒரு தாளைக் கொண்டுபோய்ச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இத்தனை வருடமும் நான் பயந்து, தாட்டு, நினைத்துக்கொண்டிருந்த சாமான் உலகத்தில் இல்லாத சாமான்.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படி. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல. ஆறுதல். அன்றைக்கு முழுக்க ஆறுதலாக இருந்தேன். புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்து, நல்லாகச் சாப்பிட்டேன். ஏன் ஆறுதல் என்று பின்னேரம் கோப்பை கழுவும்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் கையிலிருந்த கோப்பையை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டு வெளியே வந்து இருந்தேன். அடுத்த நாளே குணபாலவைத் தேடத் தொடங்கினேன்.

அவனைக் கண்டுபிடித்தது ஒரு தனிக் கதை. எனக்கு ஞாபகம் இருந்த ஊர்ப் பெயரையும் அவனுடைய பெரிய காதுகளையும் வைத்து, குருநாகலுக்குப் போய்வருகிற வெங்காய லொறிக்காரர் ஒருவர் விசாரித்து நம்பர் கொண்டுவந்து தந்தார். என் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். யாரென்று மறுபக்கம் திரும்பக் கேட்டது. “சம்பல்,” என்றேன். ஒரு கிழட்டுக் குரல் பெரிதாகச் சிரித்தது. பிறகு அழுதது. பிறகு, நீ செத்துவிட்டாய் என்றல்லவா நான் வருடாவருடம் பன்சாலை விகாரையில் உனக்கும் சேர்த்துப் பூசை செய்விக்கிறேன் என்று ஏசினான். எத்தனை வருடமாக என்று கேட்டேன். எண்ணவில்லை என்றான். நான் அவனுக்காக ஒரு சூடம்கூடக் கொளுத்தியதில்லை தம்பி. அவனிடம் அந்தப் படம் இருந்தது. அவன் வீட்டில் யாரும் எரிக்கத் தேவையிருக்கவில்லை. பேரனைக் கொண்டு அதைப் பிரதியெடுத்து, எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் பதக்கம் குத்தினார்கள் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்தும் வைத்து அனுப்பினான். ஏசிக்காரர் பொறுக்கித் தந்த தாள்களில் மேலே இருந்தது அந்தப் படம்தான்.

கந்தோரில் என் பைலைப் பார்த்தது ஒரு இளம் பெண்பிள்ளை, சீருடையில். உன் மூத்தவளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். என்னை ‘சீயா’ என்று கூப்பிட்டாள். சிங்களத்தில் அது தாத்தா. படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். “சீயாவின் மீசை எங்கே?” என்றாள். “அதையும் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள்,” என்றேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினாள். திருத்தம் செய்து தலைமையகத்துக்கு அனுப்பினால் போதும், படமும் சாட்சியும் இருக்கிறபடியால் பிரச்சினை வராது என்றாள். நான் எழும்பினேன். எழும்பின பிறகு, கதவடியில் நின்றுகொண்டு, சும்மா கேட்பது போல ஒன்று கேட்டேன்.

“மகள், பதக்கம் எழுதாமல் விட்ட அந்தக் காலத்திலும் என் பெயரும் இலக்கமும் உங்களிடம் இருந்ததுதானே?”

“எப்போதும் இருந்தது சீயா. அது அழியாது.”

“சண்டைக் காலத்தில், எங்கேயாவது ஒரு இடத்தில் ஒரு ஆள், நான் பழைய ஆள் என்று இலக்கத்தைச் சொன்னால், பார்க்க முடிந்திருக்குமா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, தாளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். “வயர்லெஸ்ஸில் கேட்டால் அரை மணித்தியாலம் சீயா,” என்றாள்.

நான் அந்தக் கந்தோரிலிருந்து முகாம் வாசல் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது. கொடிக்கயிறு அவிழ்ந்திருந்தது, காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்பது மட்டும் ஞாபகம்.

புத்தூரில் அந்தச் சுற்றிவளைப்பு நடந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. காலை ஏழு மணிக்கெல்லாம் ஊர் ஆம்பிளையளை முழுக்கக் கோயில் வெளிவீதியில் இருத்திவிட்டார்கள். பொம்பிளையள் வேலிக்கு அங்கால் நின்றார்கள். நீ நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தாய், எனக்கு மூன்று வரிசைக்கு முன்னால். ஜீப்புக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்தான். ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள், அவன் தலையை ஆட்டினால் அந்தப் பக்கம், ஆட்டாவிட்டால் இந்தப் பக்கம். உனக்கு ஆட்டினான். உன் கையைப் பின்னால் கட்டிய பிறகு, அந்தச் சிறிய வயதுக் கப்டன் எங்கள் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், “இது யாரோட பிள்ளை?” என்று கேட்டான்.

அம்மா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். “என்ரை பிள்ளை ஐயா, என்ரை பிள்ளை,” என்று அவன் சப்பாத்தடியில் விழுந்தாள். நானும் எழும்பினேன்தான். “படிக்கிற பிள்ளை ஐயா,” என்றேன், தமிழில். மற்றத் தகப்பன்மார் சொன்னதையே சொன்னேன். அந்தக் கப்டன் தன்னுடைய ஆளைப் பார்த்து, இதுகள் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை, ஏற்று, என்று சிங்களத்தில் சொன்னான். அந்த வெளிவீதியில் அது எனக்கு மட்டும் விளங்கியது.

நான் சிங்களத்தில் வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த இடத்தில் நான் எழும்பிச் சிங்களத்தில் கதைத்திருந்தால், பின்னேரத்துக்கு முன் நான் யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் துரோகி என்று பெயர் எடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். அம்மாவை யோசித்தேன், உன்னையும் யோசித்தேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள், கையில் பதக்கம் இல்லை, படம் இல்லை, ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடமும் நான் சாய்ந்து படுத்த தலையணை அது. உமக்குப் பதக்கம் எதுவும் இல்லை என்று கடிதம் வந்ததும் நான் ஏன் புட்டு அவித்துச் சாப்பிட்டேன் என்று இப்போது உனக்கு விளங்கும். பார், நான் சொன்னது சரி, அவர்கள் தேடியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. அது இனித்ததற்காகத்தான் வெட்கப்பட்டுத் திருத்தப் புறப்பட்டேன். விடுபட்டது இரண்டு பதக்கம் மட்டும்தான், ஆள் விடுபடவில்லை. அரை மணித்தியாலம் போதுமாயிருந்திருக்கும். சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கேட்டுப் பார்த்திருக்கலாம். பயந்தேன் தம்பி. வேறு பெயர் கொடுக்கத் தெரியவில்லை.

அன்று அடுப்பு மூட்டவில்லை. அம்மா வாசல்படியில் இருந்தாள். என்னைப் பார்க்காமல், “உங்களுக்குச் சிங்களம் மறந்து போச்சே?” என்று கேட்டாள். “இல்லை,” என்றேன். அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அவள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். பதினோராம் நாள் நீ நடந்து வந்தாய். என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் நீ திரும்பவில்லை என்பதை இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றியும் கதைக்கவில்லை. அடுத்த வருடம் உன்னைக் கனடாவுக்கு அனுப்பும்போது பஸ்ஸடியில் நான் உனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: பருப்பு அவிந்த பிறகு உப்புப் போடு. நீ தலையாட்டினாய். தகப்பன் சொல்ல வந்ததற்கும் சொன்னதற்கும் இடையில் அவ்வளவு தூரம் இருந்தது.

திருத்திய பத்திரம் போன கிழமை தபாலில் வந்தது. இரண்டு பதக்கமும் ஏறியிருக்கின்றன. இரண்டாவதற்கு நேரே ‘நன்னடத்தை’ என்று அடித்திருக்கிறார்கள், மூன்று மொழியிலும். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டத் தைரியம் வரவில்லை. அலுமாரி லாச்சிக்குள் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிரதியை இதனோடு வைக்கிறேன். நீ கிழித்தாலும் சரி. நான் இன்னும் இங்கே தனியாகச் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருபது பேருக்குக் குறைவாகச் சமைக்க எனக்குக் கை வராது, உப்பு எப்போதும் கூடிவிடும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்களுடைய நாயும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பக்கத்தில் இருப்பேன். எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். எடுத்தால், இடது காதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று உனக்கிருந்தால் சொல்லு. இந்த முறை பகிடி விடாமல் கேட்பேன்.

அந்த வெளிவீதியில், உன்னை ஜீப்பில் ஏற்றி, கதவைச் சாத்தி, அது திரும்பிப் போகும்வரைக்கும் ஒரு பேச்சு என் வாய்க்குள் சிங்களத்தில் அடுக்கி வைத்தபடி இருந்தது. முதற் சொல்லுக்கு உதடுகூடப் பிரிந்தது. அதை இப்போது உனக்குத் தமிழில் எழுதுகிறேன்.

“சேர், நான் கோப்ரல், குசினி. பதின்மூண்டு வருசம் உங்கடை ஆக்களுக்குச் சமைச்சுப் போட்டனான். என்ரை இலக்கத்தைச் சொல்லுறன், கேட்டுப் பாருங்கோ. உவன் என்ரை மகன்.”